பக்கிங்ஹாம் ஊரும், ஊரைத் தூக்கிவிட்டுச் செய்த பூங்காவும்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து ஆறுதலாக வாசியுங்கள்.

பக்கிங்ஹாம் என்று சொன்னால் வகுப்பில் பிள்ளைகள் உடனே கேட்பது, "சேர், மகாராணி இருந்த மாளிகையா?" என்றுதான். அந்தக் கேள்வியை முதலில் தீர்த்துவிடுவோம். லண்டனில் இருக்கும் மாளிகை, 1703இல் ஜோன் ஷெஃபீல்ட் என்ற பிரபு தனக்காகக் கட்டிய வீடு. அவருடைய பட்டத்தில் பக்கிங்ஹாம் என்ற பெயர் இருந்ததால் வீட்டுக்கும் அந்தப் பெயர் வந்தது. ஊர் இருப்பது வேறெங்கோ. லண்டனுக்கு வடமேற்கே, கிரேட் ஊஸ் என்ற ஆறு வளைந்து போகும் இடத்தில், ஒரு சின்னச் சந்தை நகரம். கடந்த வருடம் ஓகஸ்ட் விடுமுறையில் மில்டன் கீன்ஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்தில்தானே என்று ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

செவ்வாயும் சனியும் அங்கே சந்தை. நம்மூர்ச் சந்தை மாதிரிச் சத்தமில்லை. மரக்கறி, பாண், பூக்கன்று, பாலாடைக்கட்டி என்று வரிசையாகக் கூடாரம் போட்டிருக்கிறார்கள். சந்தைத் திடலின் நடுவில் ஒரு சின்னக் கோட்டை நிற்கிறது. நான் ஏதோ மத்தியகாலக் கோட்டை என்று நினைத்துக்கொண்டு கிட்டப் போனேன். அது சிறைச்சாலை. 1748இல் கட்டியது. இப்போது நூதனசாலை.

சந்தை நடுவில் ஏன் சிறைச்சாலை? அங்கிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது.

பக்கிங்ஹாம் பழைய ஊர். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டேனியரை எதிர்த்து எட்வர்ட் என்ற சக்சன் அரசன் ஆற்றின் இரண்டு கரையிலும் இங்கே கோட்டை கட்டியதாக அந்தக் காலத்து நாளேடு சொல்கிறது. பக்கிங்ஹாம்ஷயர் என்று மாவட்டத்துக்கே இந்த ஊரின் பெயர்தான். ஆனால் எட்டாம் ஹென்றியின் காலத்தில் தலைநகர் அந்தஸ்து அயில்ஸ்பரி என்ற இன்னோர் ஊருக்குப் போய்விட்டது. பிறகு 1725 மார்ச் 15ஆம் திகதி பெரும் தீ. வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிந்துபோயின. இன்று அங்கே நாம் பார்க்கும் செங்கல் முகப்புகள் பலவும் அந்தத் தீக்குப் பிறகு எழுந்தவை.

இப்படி நொந்து போயிருந்த ஊருக்கு, பக்கத்துப் பெருநிலக்காரர் ஒருவர் ஒரு சிறையைக் கட்டிக் கொடுத்தார். கோடைகால நீதிமன்ற அமர்வை அயில்ஸ்பரியிலிருந்து பக்கிங்ஹாமுக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். நீதிபதிகள் வந்தால் வழக்கறிஞர் வருவார், வழக்காளி வருவார், சாப்பாட்டுக் கடைக்கும் சத்திரத்துக்கும் வியாபாரம் நடக்கும். அமர்வு வரவேண்டுமென்றால் கைதிகளை வைக்க ஓர் இடம் வேண்டுமே. அதற்குத்தான் சிறை. கட்டியவர் பெயர் சேர் ரிச்சர்ட் டெம்பிள், கோபம் பிரபு. (கோபம் என்பது அவருடைய பட்டத்தின் பெயர், குணத்தின் பெயரல்ல. குணத்திலும் கொஞ்சம் இருந்தது, அதை இனிமேல் சொல்கிறேன்.)

அவர் ஊருக்கு இவ்வளவு செய்ததற்கு வேறு காரணமும் உண்டு. பக்கிங்ஹாம் பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் தொகுதி. ஊரில் வாக்காளர் எத்தனை பேர் தெரியுமா? 13. நகரசபைத் தலைவரும் 12 உறுப்பினர்களும் மட்டும். 13 பேரைக் கையில் வைத்திருப்பவர் இரண்டு ஆசனங்களை வைத்திருக்கிறார். 1832 சீர்திருத்தச் சட்டம் வரும்வரை இதுதான் நிலைமை. "சட்டைப்பைத் தொகுதி" என்று இதைப் பாடத்தில் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சட்டைப்பை எப்படி இருக்கும் என்று நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

டெம்பிள் குடும்பத்தின் இருப்பிடம் ஊரிலிருந்து ஐந்து கிலோமீற்றர் தூரத்தில், ஸ்டோ என்ற இடத்தில். நகர எல்லையைத் தாண்டியதும் ஒரு பாதை கயிறு பிடித்த மாதிரி நேரே போகிறது. இரண்டு பக்கமும் மரங்கள். பாதை ஏறி இறங்கி ஏறும்போது, தூரத்து மேட்டில் ஒரு மாபெரும் கல்வளைவு தெரிகிறது. 60 அடி உயரம். அதற்குப் பின்னால் பள்ளத்தாக்கு, குளம், புல்வெளி, எல்லாவற்றுக்கும் மேலே மாளிகை. கண்ணுக்கு எட்டியவரை வேலி ஒன்றுமில்லை. மாடுகள் மேய்கின்றன, ஆனால் மாளிகைப் பக்கம் வருவதில்லை. காரணம், நடுவே ஓர் ஆழமான அகழி. அதன் ஒரு பக்கம் செங்குத்தான சுவர், மறுபக்கம் சரிவான புல். மாளிகைப் பக்கமிருந்து பார்த்தால் தெரியாது, கிட்டப் போனால்தான் தெரியும். ஆங்கிலத்தில் இதற்கு "ஹா-ஹா" என்று பெயர். வேலி இருக்கிறது, ஆனால் இல்லாத மாதிரி இருக்கிறது.

ஆங்கிலேயப் பூங்காவை முதலில் பார்க்கும் நம்மவர்கள் "என்ன ஒரு இயற்கை அழகு!" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஸ்டோவில் இயற்கை என்று சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. 1710களிலிருந்து சார்ள்ஸ் பிரிட்ஜ்மன், கட்டடக் கலைஞர் வான்ப்ரூ, பிறகு வில்லியம் கென்ட், ஜேம்ஸ் கிப்ஸ் என்று அந்தக் காலத்தின் முதன்மையான ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வேலை செய்த இடம் இது. 1741இல் தலைமைத் தோட்டக்காரராக வந்த லான்செலொட் பிரவுன் என்ற இளைஞர்தான், பின்னாளில் "கேப்பபிலிட்டி" பிரவுன் என்று இங்கிலாந்து முழுவதும் பெயரெடுத்தவர். கிரேக்கப் பள்ளத்தாக்கு என்று அங்கே ஒரு புல்வெளி இருக்கிறது. ஆதிகாலம் முதல் அப்படியே கிடந்தது போல மெல்லச் சரிந்து போகிறது. அதை மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு கூலியாட்கள் வெட்டினார்கள். அவர்களுடைய பெயர் அங்கே எங்கும் இல்லை.

பெயர் உள்ளவர்கள் வேறு ஆட்கள். ஓடையோரத்தில் "பிரித்தானியச் சான்றோர் மண்டபம்" என்று அரைவட்டமாக ஒரு கட்டடம். 16 தலைச்சிலைகள். அல்ஃபிரட் அரசன், எலிசபெத், ஷேக்ஸ்பியர், மில்டன், நியூட்டன், ஜோன் லொக். அரசனின் தன்னிச்சையான வரியை எதிர்த்த ஜோன் ஹம்டனும் இருக்கிறார். கோபம் பிரபு பிரதமர் வோல்போலுடன் 1733இல் கலால் வரி விடயத்தில் மோதி, தன் படைப்பிரிவின் தலைமையை இழந்தவர். அந்தக் கோபத்தைத் தோட்டமாகக் கட்டினார் என்றே சொல்லலாம். "பண்டைய ஒழுக்கத்தின் ஆலயம்" என்று ஒன்றை முழுமையாகக் கட்டி, பக்கத்தில் "நவீன ஒழுக்கத்தின் ஆலயம்" என்று ஒன்றை வேண்டுமென்றே இடிபாடாகக் கட்டினார், உள்ளே தலையில்லாத ஒரு சிலை. அது வோல்போல் என்று அன்று பார்த்தவர்களுக்கு விளங்கியது. மேட்டிலே சுதந்திரத்துக்கென்றே ஒரு ஆலயம் உண்டு. குடும்பப் பெயரே டெம்பிள், அதாவது ஆலயம். அந்தப் பெயரை வைத்தே இலத்தீனில் ஒரு குடும்ப வாசகமும் வைத்திருந்தார்கள்.

சான்றோர் மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் போவதில்லை. அங்கே ஒரு நீண்ட கல்வெட்டு. சின்யோர் ஃபிடோ என்ற இத்தாலியப் பெருந்தகையின் நற்குணங்களை அடுக்கிக்கொண்டே போகிறது. கடைசியில்தான் தெரியும், அது பிரபு வீட்டு நாய்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த ஐந்து நிமிட நடையில் அது போய்விட்டது. மரக்கூட்டத்துக்குள் மறைந்தாற்போல ஒரு பழைய தேவாலயம் நிற்கிறது. பூங்காவின் மற்றக் கட்டடங்களைப் போல அலங்காரத்துக்காகக் கட்டியது இல்லை. மத்தியகாலத்துத் தேவாலயம், சுற்றிவரக் கல்லறைகள். ஒரு பூங்காவின் நடுவில் ஏன் ஊர்த் தேவாலயம்? ஏனென்றால் அங்கே ஊர் இருந்தது. ஸ்டோ என்பது முதலில் ஒரு கிராமத்தின் பெயர். பூங்கா விரிய விரியக் கிராமம் போனது. குடிகள் பிரபுவின் நிலத்தில் இருந்தவர்கள். போகச் சொன்னால் போகவேண்டியதுதான். பலர் பக்கத்திலிருக்கும் டாட்ஃபோர்ட்டுக்குப் போனார்கள். அந்தப் பங்கில் முன்பு நான்கு குடியிருப்புகள்: ஸ்டோ, லாம்போர்ட், பொய்கொட், டாட்ஃபோர்ட். இன்று குடியிருப்பாக மிஞ்சியது டாட்ஃபோர்ட் மட்டும். பொய்கொட் என்ற ஊரின் பெயர் இரண்டு அலங்கார மண்டபங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. (பகிஷ்கரிப்பு என்ற பொருளில் நாம் சொல்லும் "பொய்கொட்" வேறு. அது 1880இல் அயர்லாந்தில் ஒரு கப்டனின் பெயரிலிருந்து வந்தது.)

இடிக்க முடியாத கட்டடத்தை மரம் நட்டு மறைத்தார்கள். அதே தேவாலயத்தில்தான் 1744இல் தோட்டக்காரர் பிரவுனுக்குக் கல்யாணம் நடந்தது.

அதே 1744இல் இன்னொரு காரியம் நடந்தது. ஆசிரியர் என்ற முறையில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். பக்கிங்ஹாம் ஊரில் பென்டன் சீலி என்று ஒருவர் இருந்தார். பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பழக்குவது அவர் தொழில். ஸ்டோவைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவதைக் கண்டு, தோட்டத்துக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் ஒரு தோட்டத்துக்கென்று வந்த முதல் வழிகாட்டி அதுதான் என்பார்கள். பிறகு பதிப்புக்கு மேல் பதிப்பு. வெள்ளைப்பலகைக்கு முன்னால் நிற்கிறவன் பதிப்பாளனாகிய கதை! வருகிறவர்கள் தங்குவதற்கு அதற்கு முன்னரே, 1717இல், பிரபு ஒரு சத்திரமும் கட்டியிருந்தார். இன்றும் பார்வையாளர் உள்ளே போவது அந்தச் சத்திரத்தின் வழியாகத்தான். சுற்றுலா என்ற வியாபாரம் எங்கே தொடங்கியது என்று யாராவது கேட்டால் நான் இனி இந்தச் சத்திரத்தையும் அந்தக் கையெழுத்து வாத்தியாரையும் சொல்வேன்.

கோபம் பிரபுவுக்குப் பிள்ளைகள் இல்லை. சொத்து சகோதரி வழியாகக் கிரென்வில் குடும்பத்துக்குப் போனது. இங்கேதான் நமது தரம் 11 பாடப்புத்தகத்தோடு ஒரு முடிச்சு விழுகிறது. அமெரிக்கப் புரட்சியைப் படிப்பிக்கும்போது 1765 முத்திரைச் சட்டம் என்று சொல்லிக் கொடுக்கிறோம், அல்லவா? பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்று அமெரிக்கக் குடியேற்றவாசிகள் எழுந்ததற்குக் காரணமான சட்டம். அதைக் கொண்டுவந்த பிரதமர் ஜோர்ஜ் கிரென்வில், கோபம் பிரபுவின் சகோதரி மகன். 1741 முதல் 1770இல் இறக்கும்வரை அவர் பாராளுமன்றத்தில் இருந்தது எந்தத் தொகுதிக்காக? பக்கிங்ஹாம். அந்த 13 வாக்குகள். வரியை எதிர்த்த ஹம்டனுக்குச் சிலை வைத்த தோட்டத்தில் ஓடி விளையாடிய குடும்பம்.

1786இல் இரண்டு அமெரிக்கர்கள் ஸ்டோவைப் பார்க்க வந்தார்கள். ஜோன் அடம்ஸ், தோமஸ் ஜெஃபர்சன். பிற்காலத்தில் இரண்டு பேரும் ஜனாதிபதிகள். அப்போது ஸ்டோவின் எசமான் ஜோர்ஜ் கிரென்விலின் மகன். ஜெஃபர்சன் தோட்டக்கலை படிக்க வந்தவர், குறிப்பெழுதிக்கொண்டு போனார்.

நியாயமாகச் சொல்லவேண்டும் என்றால், ஜோர்ஜின் இன்னொரு மகன் வில்லியம் கிரென்வில். அவர் பிரதமராக இருந்தபோதுதான் 1807இல் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. அவரே முன்னின்று செய்தார். ஆனால் அவருடைய அண்ணன் மகன், முதலாவது டியூக், கல்யாணம் செய்த பெண்ணின் வழியாக ஜமைக்காவில் ஹோப் என்ற கரும்புத் தோட்டம் குடும்பத்துக்கு வந்தது. 1830களில் அடிமைகள் விடுதலையானபோது இழப்பீடு கிடைத்தது அடிமைகளுக்கு அல்ல, எசமான்களுக்கு. ஹோப் தோட்டத்துக்கும் கிடைத்தது. ஒரே வீட்டில் இரண்டும் நடந்திருக்கிறது.

இரண்டாவது டியூக் கடன் வாங்கியே நிலம் வாங்கியவர். 1845இல் விக்டோரியா மகாராணியும் கணவரும் வந்து தங்கினார்கள், வீடு ஜொலித்தது. இரண்டு வருடத்தில் வங்குரோத்து. பத்து லட்சம் பவுணுக்கு மேல் கடன்! 1848இல் வீட்டுச் சாமான்களை 40 நாட்கள் ஏலம் போட்டார்கள். வந்தது சுமார் 75,000 பவுண். காதில் வளையத்தோடு ஷேக்ஸ்பியரின் படம் ஒன்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறதே, அதுவும் அந்த ஏலத்தில் போனதுதான். இப்போது லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தின் முதல் சொத்து.

இனி மூன்றாவது டியூக். அவர் கதை நம் பக்கம் வருகிறது.

தகப்பன் விட்டுப்போன கடனைக் கட்ட உழைத்தவர். பெரிய ரயில் கம்பனி ஒன்றின் தலைவராக இருந்தார். 1867, 1868இல் குடியேற்றநாட்டுச் செயலாளர். அதாவது கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்த 1867ஆம் ஆண்டில், இலங்கைத் தேசாதிபதியின் கடிதங்கள் போய்ச் சேர்ந்தது இவருடைய மேசைக்கு. பிறகு 1875இல் மதராஸ் மாகாணத்தின் ஆளுநராக அனுப்பப்பட்டார். அடுத்த வருடம் மழை பொய்த்தது. தமிழ் மக்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லும் 1876–78 பெரும் பஞ்சம். தென்னிந்தியாவில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது பொதுவான கணிப்பு.

இந்த டியூக்கைப் பற்றி ஒரே அடியாகத் தீர்ப்புச் சொல்ல எனக்கு முடியவில்லை. அவருடைய அரசாங்கம் தொடக்கத்தில் 30,000 தொன் தானியத்தை ஒரு வியாபாரக் கம்பனி மூலம் இரகசியமாக வாங்கியது. சந்தையில் தலையிடக்கூடாது என்று கல்கத்தாவிலிருந்து வைஸ்ரோய் லிட்டனின் அரசாங்கம் கண்டித்தது. 1877 தொடக்கத்தில் செலவைக் குறைக்கவென்று ஒரு அதிகாரியை மதராசுக்கு அனுப்பினார்கள். அவர் பெயரும் சேர் ரிச்சர்ட் டெம்பிள்தான்! ஸ்டோ வீட்டின் ஆள் இல்லை. வேலைத்தலத்தில் வெயிலில் மண் சுமக்கும் ஆளுக்கு நாளைக்கு ஒரு றாத்தல் தானியம் போதும் என்று வைத்தவர் இவர். "டெம்பிள் கூலி" என்று சரித்திரத்தில் பெயர். அதில் மனிதன் உயிர் வாழ முடியாது என்று மதராசின் சுகாதார ஆணையாளர் டொக்டர் கோர்னிஷ் திரும்பத் திரும்ப எழுதினார். சில மாதங்களில் அந்தக் கூலியை உயர்த்தவேண்டி வந்தது. டியூக் லிட்டனைவிடவும் டெம்பிளைவிடவும் கொஞ்சம் இரக்கமுள்ளவர் என்று சொல்லலாம். அந்த இரக்கம் பிந்தியே வேலை செய்தது.

பஞ்ச நிவாரண வேலையாக அப்போது மதராஸ் நகரில் அடையாறுக்கும் கூவத்துக்கும் இடையே சுமார் எட்டு கிலோமீற்றர் கால்வாய் ஒன்றைத் தோண்டினார்கள். வடக்கேயும் தெற்கேயும் முன்பே இருந்த கால்வாய்களை இணைத்தது அது. தோண்டியவர்கள் பட்டினியில் வந்தவர்கள். 1878இல் அதற்குப் பெயர் வைத்தார்கள், பக்கிங்ஹாம் கால்வாய். சென்னைக்குப் போய் வந்தவர்கள் பறக்கும் ரயிலுக்குக் கீழே கறுப்பாக ஓடும் அந்தத் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் பெயர் டியூக்குக்கு.

அதே பஞ்சத்தில் மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து கப்பலேறி மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையால் நடந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் ஏராளம். அந்தப் பாதை தம்புள்ளை தாண்டி வந்து சேர்வது நான் படிப்பிக்கும் மாத்தளைக்கு. வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. போன தவணையில் தரம் 11 பிள்ளைகளுக்கு இந்தக் கால்வாயின் கதையைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, தன் பாட்டியின் பாட்டி "பஞ்சத்துல வந்தவங்க" என்று வீட்டில் சொல்வார்கள், எந்தப் பஞ்சம் என்று யாருக்கும் தெரியாது, இதுவா சேர் என்று கேட்டாள். காலத்தைக் கணக்குப் பார்த்தோம். பொருந்துகிறது. நிச்சயமாகச் சொல்ல ஒரு தாளும் இல்லை.

டியூக் 1889இல் ஆண் வாரிசின்றி இறந்தார், பட்டம் அதோடு முடிந்தது. 1920களில் மாளிகை விற்கப்பட்டு 1923இல் பாடசாலையானது. இன்றும் பெயர்பெற்ற தனியார் பாடசாலை. தோட்டம் 1980களின் முடிவில் நெஷனல் ட்ரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பின் கைக்கு வந்தது. நன்றாகப் பராமரிக்கிறார்கள், அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர்கள் போவதென்றால் செவ்வாய் அல்லது சனி போங்கள், சந்தையும் கிடைக்கும். பூங்காவுக்கு மட்டும் நான்கு மணித்தியாலம் வேண்டும், சிறுபிள்ளைகள் இருந்தால் அதைவிடக் கூட. மழைச் சப்பாத்து நல்லது. தேவாலயத்தைத் தேடுபவர்கள் சான்றோர் மண்டபத்திலிருந்து ஓடையைத் தாண்டி, பண்டைய ஒழுக்கத்தின் ஆலயத்தைக் கடந்து மரங்களுக்குள் பாருங்கள். ஸ்டோ கிராமத்தில் நிற்கும் கட்டடம் அது ஒன்றுதான்.